பீச்சாங்கைக்குப் போகும் பாதை

என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது எந்தக் கை என்றுதான். இடது கை என்று தெரிந்ததும் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நல்லவேளம்மா, பீச்சாங்கை. சோத்தாங்கை நல்லா இருக்குதே, அது போதும்" என்பார்கள். அண்ணாகிராமத்திலிருந்து பலாப்பழத்தோடு வந்த என் கணவரின் உறவுக்காரர்கள் அப்படித்தான் சொன்னார்கள். மஞ்சக்குப்பத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களும் அதையே சொன்னார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த டீச்சர்கள் மட்டும் கொஞ்சம் நாசூக்காக, "எழுதற கைக்கு ஒண்ணும் ஆவலையே டீச்சர், அதுவே பெரிய விஷயம்" என்றார்கள். கடவுள் இரண்டு கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, போனால் போகட்டும் என்று மலிவானதை மட்டும் எடுத்துக்கொண்ட மாதிரி பேசினார்கள்.

நான் கடலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு நுண்கணிதம் நடத்துகிறவள். கோபக்காரி என்று பேர். அந்தப் பேர் பொய் என்று நான் யாரிடமும் வாதாடியதில்லை.

அன்று காலை கரும்பலகை முன் நின்றுகொண்டிருந்தபோது இடது கையிலிருந்த டஸ்டர் கீழே விழுந்தது. முன் பெஞ்சுப் பெண் எடுத்துக் கொடுத்தாள். மறுபடியும் விழுந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, வெளியே வந்த சத்தம் எனக்கே புரியவில்லை. சிரித்த அதே பெண்தான் ஓடிவந்து என்னைத் தாங்கிப் பிடித்தாள். அவள் இல்லையென்றால் மேடை விளிம்பில் மண்டை உடைந்திருக்கும்.

மூளையின் வலப்பக்கத்தில், ஆழமான இடத்தில், ஒரு சின்ன ரத்தக்குழாய் பிரஷர் தாங்காமல் வெடித்து ரத்தம் கசிந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பக்கவாதத்தில் அடைப்பு ஒரு வகை, கசிவு ஒரு வகையாம். எனக்கு வந்தது கசிவு. மண்டையைத் திறக்க வேண்டியதில்லை, உறைந்த ரத்தம் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் என்றார்கள். மூளையின் வலது பாதிதான் உடம்பின் இடது பாதியை ஆட்டி வைக்கிறது என்பதால் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் சீக்கிரமே நேரானது. பேச்சு வந்ததும் முதல் வேலையாக, காலில் செருப்போடு வார்டுக்குள் வந்த என் தம்பியைத் திட்டினேன். அவன் அழுதுகொண்டே சிரித்தான். கால் இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்தது. கை மட்டும் வரவில்லை. தோளிலிருந்து சும்மா தொங்கியது.

இடது கைதானே என்றவர்கள் ஒரு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லக் கூசினார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். காலையில் கக்கூஸுக்குப் போனால் கழுவிக்கொள்ளும் கை அது. நம் ஊரில் அந்தக் கை செய்யும் வேலையைச் சோறு தின்னும் கை செய்யாது. எனக்கு அந்தக் கை போன பிறகு என் கணவர்தான் கழுவிவிட்டார்.

அவருக்கு மஞ்சக்குப்பத்தில் பேட்டரி கடை. வண்டிக்கும் இன்வெர்ட்டருக்கும் பேட்டரி விற்பது, பழுது பார்ப்பது. அவர் வாழ்க்கையில் ஒரு குழந்தைக்குக்கூடக் கால் கழுவிவிட்டதில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அப்படிப்பட்டவர் தினமும் காலையில் என்னைப் பிடித்து உட்கார வைத்து, வேலை முடிந்ததும் சுவரைப் பார்த்துக்கொண்டே கழுவிவிடுவார். அந்த நேரத்தில் வாய் ஓயாமல் பேசுவார். எந்தக் கம்பெனி பேட்டரி சீக்கிரம் வீங்குகிறது, எந்த லாரிக்காரன் ஆசிட் ஊற்றச் சொல்லித் தகராறு செய்தான் என்று. நான் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு மட்டும் புத்தி இல்லையா? வலது கை இருக்கிறது, சோப்பு இருக்கிறது, டெட்டால் இருக்கிறது, கழுவினால் போயிற்று என்று ஒரு நாள் நானே வலது கையால் முயன்றேன். மதியம் தட்டின் முன் உட்கார்ந்தபோது அந்தக் கை சோற்றில் இறங்கவில்லை. எவ்வளவு நேரம் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாலும் இறங்கவில்லை. கடைசியில் ஸ்பூன் கேட்டேன். பகுத்தறிவு பற்றி வகுப்பில் நான் பேசாத பேச்சா? என் கையிடம் அது ஒன்றும் செல்லுபடியாகவில்லை.

நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் என் தம்பி, சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் வெளிநாட்டுக் கம்மோடு படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவான். பட்டனை அமுக்கினால் தானே கழுவி, தானே காற்றடித்துக் காய வைக்குமாம். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, சுவரில் ஒரு ஸ்ப்ரே குழாய் மாட்டினார். தண்ணீர் பீய்ச்சியடித்தது, சுவர் நனைந்தது, புடவை நனைந்தது. தேய்க்க ஒரு கை வேண்டாமா? போதாததற்கு, வீட்டில் எப்படியோ சமாளித்தாலும் பள்ளிக்கூடத்தில் என்ன செய்வது? பெண்கள் பள்ளிக் கழிப்பறைக்குள் என் கணவர் வர முடியுமா? அந்தக் கை வராமல் நான் வகுப்புக்குத் திரும்ப முடியாது. யாருக்கும் அது தெரியவில்லை. எழுதற கை நன்றாக இருக்கிறதே, எப்போது டீச்சர் வருவீர்கள் என்று தலைமை ஆசிரியை போனில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பிசியோதெரபி செய்ய வீட்டுக்கு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். கெட்டிக்காரி, என்னைப் போலவே கொஞ்சம் வாயாடி. முதல் வாரமே, "மேடம், இந்தக் கை வந்தா மொதல்ல என்னா செய்யணும்னு ஆசப்படறீங்க?" என்று கேட்டாள். என் கணவரும் பக்கத்தில் நின்றார். நான் சுற்றி வளைக்கவில்லை. "நானே கழுவிக்கணும்" என்றேன். என் கணவர் உடனே போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அவள் சிரிக்கவில்லை. "எல்லாரும் ரெண்டு கையாலயும் சாமி கும்புடணும்னுதான் மேடம் சொல்லுவாங்க" என்றாள். "நீங்கதான் நெசத்த சொல்றீங்க."

அவள்தான் சிதம்பரத்தில் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றவள். சாதாரண ஸ்கேன் ரத்தம் எங்கே இருக்கிறது என்று காட்டும். இது வேறு மாதிரி எம்.ஆர்.ஐ., மூளையிலிருந்து கைக்கு இறங்குகிற நரம்புப் பாதையையே வரைந்து காட்டும் என்றாள். "பாதை இருந்தா கையக் கொண்டாரப் பார்க்கணும். பாதையே இல்லன்னா, இருக்கற கையவச்சி எல்லாத்தையும் எப்படி சமாளிக்கறதுன்னு கத்துக்குடுக்கணும். ரெண்டும் வேற வேற ட்ரெய்னிங் மேடம். தெரியாம செஞ்சா உங்க டைமும் வேஸ்ட்டு, என் டைமும் வேஸ்ட்டு." நேரத்தை வீணாக்குவது எனக்கும் பிடிக்காது. போகலாம் என்றேன்.

கார் வைத்துக்கொண்டு போனோம். ஸ்கேன் சென்டரில் உடம்பில் இருக்கும் உலோகம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். இடது கை வீங்கியிருந்ததால் வளையல் வரவில்லை. நர்ஸ் சோப்பு போட்டு இழுத்தாள். வலித்தது. வலித்ததில் எனக்கு ஒரே சந்தோஷம். வலி ஏறி வருகிற வழி திறந்திருக்கிறது என்றால், கட்டளை இறங்கிப் போகிற வழி மட்டும் ஏன் அடைபட்டிருக்க வேண்டும்? இரண்டும் ஒரே வழியில்லை என்று பிறகு டாக்டர் சொன்னார். அது தெரியாதவரை நன்றாகத்தான் இருந்தது.

தாலியையும் கழற்ற வேண்டும் என்றதும் என் கணவர் வெளியே ஓடினார். கீழவீதிக் கடையில் மஞ்சள் கயிறும் ஒரு துண்டு விரலி மஞ்சளும் வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து, அங்கேயே முடிந்து என் கழுத்தில் போட்டார். "மெஷின்குள்ள போயிட்டு வர்றதுக்குள்ள உங்களுக்கு என்ன ஆயிடப் போவுது?" என்றேன். "எனக்கு ஒண்ணும் ஆவாது. நீ பத்திரமா வா" என்றார்.

மெஷினுக்குள் தலையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். தகரத்தைச் சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம். அந்த நேரம் முழுக்க இடது கையின் கட்டைவிரலை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அசைத்துப் பார்த்தேன் என்றால், அசையச் சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை.

நரம்பியல் டாக்டர் சின்ன வயதுப் பெண். கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பிவைத்து, பொறுமையாகச் சொன்னார். "மூளைக்குள்ள எல்லா எடத்துலயும் தண்ணி இருக்குதும்மா. நரம்பு இழை இருக்கற எடத்துல அந்தத் தண்ணி, இழையோட நீளவாக்குலதான் ஜாஸ்தி நகரும், குறுக்க அவ்வளவா நகராது. மெஷின் பார்க்கறது நரம்ப இல்ல, தண்ணி எந்தத் திசைல நகருதுங்கறத. அத வச்சி ஒவ்வொரு புள்ளியா தொட்டுத் தொட்டு கம்ப்யூட்டர் கோடு போட்டுக்கிட்டே போவுது."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒவ்வொரு புள்ளியிலும் திசையைக் கொடுத்தால் வளைகோட்டை வரைந்துவிடலாம். நான் வருஷா வருஷம் தொண்டை கிழிய நடத்துவது அதைத்தானே! இதெல்லாம் எங்க உதவப் போவுது மிஸ் என்று கேட்கிற பிள்ளைகளை அந்த அறைக்குள் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்த வேண்டும் போல இருந்தது. என் மண்டைக்குள் இருப்பதை வைத்து எனக்கே பாடம் நடக்கிறது, கை வராத கவலையைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டேன்.

திரையில் மேலிருந்து கீழே ஓடும் இழைகள் நீல நிறத்தில் இருந்தன. ஒரு பக்கம் தடியாக ஒரு நீலக் கற்றை உச்சிவரை போயிற்று. மறுபக்கம் கீழேயிருந்து ஏறி வந்தது, ரத்தம் உறைந்திருந்த கறுப்புப் பகுதியின் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"கோடு இங்க நின்னுடுது. இதுக்கு மேல எனக்குத் தெரியல" என்றார் டாக்டர்.

"அப்ப லைன் கட்டா டாக்டர்?" என்று கேட்டார் என் கணவர்.

"கட்டுன்னு சொல்லல சார். தெரியலன்னு சொல்றேன். அந்த எடத்துல இன்னும் வீக்கம் இருக்கு, ரத்தம் இருக்கு. தண்ணி எல்லாப் பக்கமும் பரவி நிக்குது. திசை புடிபடாத எடத்துல கம்ப்யூட்டர் கோட்ட நிறுத்திடும். இழை நெசமாவே அறுந்திருந்தாலும் படம் இப்படித்தான் இருக்கும், நசுங்கி ஒதுங்கி இருந்தாலும் இப்படித்தான் இருக்கும். வீக்கம் வடியட்டும், சில மாசம் கழிச்சி இன்னொரு தடவ எடுப்போம். எக்சர்சைஸ மட்டும் விட்டுடாதீங்க."

என் கணவர் பெரிதாகத் தலையாட்டினார். ஆனால் அவர் அந்த நீலக் கோடு நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தொழில் அப்படி. மீட்டரின் இரண்டு முனையை ஒயரில் வைப்பார். 'கீ' என்று சத்தம் வந்தால் ஒயர் நல்ல ஒயர், வராவிட்டால் கட். கட்டான ஒயரைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு போடுவார். மீட்டர் காட்டவில்லை என்றால் ஒயர் இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம் என்று அவர் கடையில் யாராவது சொன்னால், மீட்டரைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடுவார்.

திரும்பும் வழியில் வடக்குவீதிப் பக்கம் ஒரு ஓட்டலில் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டோம். நான் இட்லியைப் பிட்டு வாயில் போடுவதையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "சோத்தாங்கை இருக்குது இல்ல. போதும் டீச்சர். மத்தத நான் பார்த்துக்கறேன்" என்றார். ஊரில் எல்லோரும் சொன்ன அதே வார்த்தை. மற்றவர்கள் சொன்னபோது கோபம் வந்தது, இவர் சொன்னபோது பயம் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்தபோதுகூட வராத பயம்.

நாங்கள் வீடு சேருவதற்குள் செய்தி நெல்லிக்குப்பம் போய்விட்டது. தம்பி போன் செய்து, "அக்கா, லைன் கட்டாமே, மாமா சொன்னாரு" என்று தேம்பினான். மறுநாளிலிருந்து எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள். நான் திட்டினால்கூடத் திருப்பிப் பேசவில்லை. வீட்டில் சண்டை இல்லை, சத்தம் இல்லை. அந்த வாரம் பிசியோ பெண்ணும் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்து அவளுக்குப் போன் செய்தேன். "சார்தான் மேடம் வேணாம்னுட்டாரு" என்றாள்.

கடையிலிருந்து சாப்பிட வந்தவரை நடுக்கூடத்திலேயே நிறுத்தினேன்.

"யாரக் கேட்டு அந்தப் பொண்ண வேணாம்னு சொன்னீங்க?"

"இல்லாத ஒயர்ல எவ்ளோ நாளைக்கு கரண்ட் வுட்டுப் பார்க்கறது? கைய புடிச்சி முறுக்கறா, நீ பல்லக் கடிக்கற. நீ அழுவறத என்னால பார்க்க முடியல டீச்சர்."

"நான் எப்ப அழுதேன்?"

"பாத்ரூம்ல."

சுவரைப் பார்த்துக்கொண்டு பேட்டரி கதை பேசிக்கொண்டிருந்தாரே, இவருக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன். தெரிந்ததால்தான் அத்தனை பேட்டரி கதை என்று அப்போதுதான் உறைத்தது.

"நான் அழுதது கை வரலன்னு இல்ல" என்றேன். "நீங்க கழுவிவுடறதுக்கு."

"எனக்கு அதுல ஒண்ணும் இல்லியே."

"எனக்கு இருக்குதுங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனாலும் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் சாகும்வரை அப்படியே போயிருக்கும். எத்தனை அன்பாக இருந்தாலும் அந்த ஒரு இடத்தில் எனக்கு இன்னொருவர் கை வேண்டாம். அது என் கணவர் கையாக இருந்தாலும் வேண்டாம். குறிப்பாக அவர் கை வேண்டாம். அவர் என்னைக் கோபக்காரியாகத்தான் பார்க்க வேண்டும், பாவமாகப் பார்க்கக் கூடாது.

பிறகு டீச்சர் குரலில் ஆரம்பித்தேன். "அந்த டாக்டரம்மா என்ன சொன்னாங்க? தெரியலன்னாங்க. தெரியலங்கறது விடையா? விடை கண்டுபுடிக்க முடியலன்னா விடையே கெடையாதுன்னு எழுதி வைக்கற பொண்ணுக்கு நான் என்னைக்காவது மார்க் போட்டிருக்கனா?"

"நான் ஒண்ணும் உன் ஸ்டூடண்ட் இல்ல."

"இருந்திருந்தா எப்பவோ ஃபெயில் போட்டிருப்பேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவர் அன்று சொன்னதையே மறுபடி சொன்னார். இழை அறுந்திருக்கவும் கூடும், அதையும் மறைக்கவில்லை. என் கணவர் கடைசிவரை கேட்டுவிட்டு, பிசியோ பெண்ணுக்கு அவரே போன் செய்தார்.

அதன்பிறகு அந்தப் பெண் ஒரு வேலை செய்தாள். மற்ற இடங்களில் பந்து பிடி, கட்டையை அடுக்கு என்பார்களாம். என் லட்சியம் வேறு அல்லவா? பிளாஸ்டிக் நாற்காலியின் பின்பக்கத்தில் ஒரு சொம்பைக் கட்டித் தொங்கவிட்டாள். அதில் இட்லி மாவைத் தடவினாள். நான் அதற்கு முதுகு காட்டி ஒரு முக்காலியில் உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல், இடது கையைப் பின்னால் கொண்டுபோய் அந்த மாவைத் தண்ணீர் தொட்டுத் துடைத்தெடுக்க வேண்டும். தோளை அசைக்கவே முதலில் முடியவில்லை. அவள் என் முழங்கையைப் பிடித்துக் கொண்டுபோவாள், நான் மனசால் கூடவே போவேன். பல வாரங்கள் மனசு மட்டும்தான் போயிற்று. பிறகு தோள் போயிற்று. அதற்குப் பிறகு ஒரு நாள் முழங்கை தன்னால் மடங்கியது. விரல்கள் கூட்டமாக ஒன்றாக மடங்கின, ஒன்றாக விரிந்தன. தனித்தனியாக ஒன்றும் நடக்கவில்லை. மணிக்கட்டு மட்டும் திரும்பவே இல்லை. மணிக்கட்டு திரும்பாமல் அந்த வேலை ஆகாது.

ஒரு மதியம் சாப்பிட வந்த என் கணவர், அவள் இல்லாத நேரத்தில் நானே மாவைத் தடவிக்கொண்டு அந்தச் சொம்போடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டார். என்ன கூத்து இது என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கீழே குந்தி உட்கார்ந்து, சொம்பு கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். "ஒயரம் தப்பு. நீ உக்காந்தா அது இங்க வரும்" என்று சொல்லி இறக்கிக் கட்டினார். அவரைவிட அந்த உயரம் யாருக்கு நன்றாகத் தெரியும்? எங்கள் இருவருக்குமே சிரிப்பை அடக்க முடியவில்லை.

வீக்கம் வடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்ன மாதத்தில் மறுபடி சிதம்பரம் போனோம். அதே மெஷின், அதே சத்தம். இந்தத் தடவை மஞ்சள் கயிற்றை என் கணவர் கடலூரிலேயே வாங்கி சட்டைப் பையில் வைத்திருந்தார்.

திரையில் படம் வந்ததும் அவர் எழுந்து நின்றேவிட்டார். "வந்துடுச்சி! டீச்சர், பாரு, எவ்ளோ தடியா வந்திருக்குது!" என்று வலப்பக்கத்து நீலக் கற்றையைக் காட்டினார்.

"அது நல்ல பக்கம் சார்" என்றார் டாக்டர். "படத்துல வலதும் இடதும் மாறித்தான் இருக்கும். ஆளு எதிர்ல நிக்கறாப்ல. அம்மாவுக்கு அடிபட்ட பக்கம் இது."

அவர் முகம் வாடிவிட்டது. டாக்டர் விரல் வைத்த இடத்தை நாங்கள் இருவரும் பார்த்தோம். கீழேயிருந்து நீலம் ஏறி வந்தது. போன தடவை நின்ற இடத்துக்கு வந்தது. அங்கே நிற்கவில்லை. உறைந்த ரத்தம் வற்றிப்போய் இருந்த வடுவை ஒட்டி ஒதுங்கி, மெலிந்து, கொஞ்சம் வளைந்து, மேலே போய்க்கொண்டே இருந்தது. மறுபக்கத்துக் கற்றையோடு வைத்துப் பார்த்தால் பாதிகூட இல்லை. ஆனால் உச்சிவரை போயிற்று.

"மெல்லிசா இருக்குது" என்றார் என் கணவர், மெதுவாக. "ஆனா இருக்குது இல்ல?"

"இருக்குது சார். அப்பவும் இருந்திருக்கணும், நமக்குத்தான் தெரியல. ஆனா இழை கொஞ்சமாத்தான் மிஞ்சியிருக்கு. ஊசில நூல் கோக்கற மாதிரி வேலையெல்லாம் இந்தக் கை செய்யும்னு நான் சொல்ல மாட்டேன். புடிக்கும், திரும்பும், தேய்க்கும். இன்னும் உழைக்கணும்."

"தேய்ச்சா போதும் டாக்டர்" என்றேன். டாக்டர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். என் கணவருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

காரில் வரும்போது நான் படு குஷியாக இருந்தேன். வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று வீசியது. கை இன்னும் மடியில்தான் கிடந்தது, மணிக்கட்டு இன்னும் திரும்பவில்லை. ஆனால் இனி அது என் வீட்டுப்பாடம், அவ்வளவுதான். விடை உள்ள கணக்கைக் கொடுத்துவிட்டால் நான் போட்டுவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு எப்போதும் உண்டு. பக்கவாதத்தால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் மணிக்கட்டு திரும்பியது. சொம்பில் மாவு துளிகூட மிஞ்சாமல் துடைத்தேன். பிசியோ பெண் சொம்பைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாஸ் மேடம்" என்றாள். மறுநாள் காலை என் கணவர் வழக்கம்போலக் கூட எழுந்து வந்தபோது, வெளியே இருங்கள் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உள்ளே நேரம் பிடித்தது. தண்ணீர் மக்கை இடது கையால் தூக்க முடியாது. வலது கையால் ஊற்றினேன், இடது கையைப் பின்னால் கொண்டுபோனேன். ஒரு தடவை கை வழி தவறி இடுப்பில் முட்டியது. மறுபடி கொண்டுபோனேன். போயிற்று. பழைய வேகம் இல்லை, பழைய லாகவம் இல்லை, ஆனால் அது என் கை. தேய்த்தேன், ஊற்றினேன், மறுபடி தேய்த்தேன். சோப்பு போட்டுக் கையைக் கழுவியபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சின்னப் பிள்ளைகள் முதல்முதலாக அதைச் செய்துவிட்டுத் தாயிடம் ஓடிவந்து சொல்லுமே, அந்தச் சந்தோஷம். எனக்கு ஓடிச் சொல்ல ஒரே ஆள்தான், அவர் கதவுக்கு வெளியிலேயே இருந்தார்.

கதவைத் திறந்தேன். உள்ளே வரத் தயாராக, கைலியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது."

"நல்லா கழுவினியா?"

"நான் என்ன ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையா?"

அவர் மடித்துக் கட்டியிருந்த கைலியை அவிழ்த்து, கணுக்கால்வரை இறக்கிவிட்டார். எங்கள் பக்கத்தில் மதிப்பான ஆள் எதிரே வந்தால் ஆம்பிளைகள் அப்படித்தான் இறக்கிவிடுவார்கள். அதற்காகத்தான் செய்தாரா, இனி உள்ளே போகிற வேலை இல்லை என்று செய்தாரா, நான் கேட்கவில்லை. சுருட்டிய சட்டைக் கையையும் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிட்டுக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அப்ப நான் போயி கடையத் தொறக்கட்டா?" என்று கேட்டார்.

காலை வெயில்கூட இன்னும் சரியாக ஏறவில்லை. இத்தனை மாதமாக அவர் கடையை எத்தனை மணிக்குத் திறக்கிறார் என்று நான் யோசித்ததே இல்லை. மஞ்சக்குப்பத்தில் மற்ற பேட்டரி கடைகள் எல்லாம் லாரிகள் கிளம்பும் நேரத்துக்கே திறந்துவிடும். இவர் மட்டும் என் வயிறு எப்போது வேலை செய்யும் என்று காத்திருந்துவிட்டு, அதன் பிறகுதான் போயிருக்கிறார். அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"போங்க" என்றேன்.

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு தெரு முனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். அதன் பிறகு உள்ளே வந்து, ஈரம் காயாத இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டு, சத்தமாக அழுதேன்.